19 வருஷம் வீல்சேரில்: ‘நன்றி’ என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் சண்டை

#1 சன்னலோரம்

தண்டுவடத்தில் அடிபட்டு இந்த மாதத்தோடு 19 வருஷம் ஆகிறது. டி10, கம்ப்ளீட்; அதாவது மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவதின் மட்டத்தில், முழுக் காயம். தொப்புளுக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, அசைக்கவும் வராது. பழையவர்களுக்கு இது தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

போன வாரம் ஒருவர் என்னிடம், “எப்படி இவ்வளவு நிறைவாக இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். “எல்லாம் மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. நிறைவாக இருப்பது உண்மைதான், சொன்ன காரணம் பொய். என் விஷயத்தில் எல்லாம் தொடங்கியது தோலில்.

நான்காவது வருஷம். வீட்டிலிருந்தே பிழை திருத்தும் வேலையை ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அசையாமல் உட்கார்ந்து ஒரு புத்தகத்தின் கடைசி அச்சுப் படியைத் திருத்தி முடித்தேன். நடுவில் பேனா மூடியைக் காணோம். ராத்திரி கட்டிலுக்கு மாறும்போதுதான் பார்த்தேன், மூடி என் வலது பக்க உட்காரும் எலும்புக்கு அடியில் இருந்திருக்கிறது. ஆறு மணி நேரம். உணர்வு உள்ளவர் ஒரு நிமிஷத்தில் நெளிந்திருப்பார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தோலில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. இரண்டு வாரத்தில் குழி விழுந்தது. மேலே பார்க்கக் காசு அளவுதான், உள்ளே எலும்பு வரை போயிருந்தது.

ஏழு மாதம் குப்புறப் படுத்தேன். மார்புக்கு அடியில் தலையணை, இரண்டு கையும் கட்டில் விளிம்புக்கு வெளியே, கீழே முக்காலி, அதன் மேல் அச்சுத் தாள். அப்படியே வேலை பார்த்தேன். ஐந்தாவது மாதமோ என்னவோ, ஒரு பக்கத்தில் “அறம் கொண்டு இரும்பைத் தேய்த்தான்” என்று வந்திருந்தது. ‘அரம்’ என்று இருக்க வேண்டும். தனியாகக் கிடந்து சிரித்தேன். அந்தப் படுக்கையில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

அதற்கப்புறம் என் நாளை இரண்டாகப் பிரித்துவிட்டேன். காலை ஒன்பது வரை உடம்புக்கு: நீளக் கைப்பிடிக் கண்ணாடியை வைத்து இடுப்பு, பிட்டம், குதிகால் எல்லாவற்றையும் பார்ப்பது, கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்), மலம் கழிப்பது, குளியல், குஷனில் காற்று சரியாக இருக்கிறதா என்று கை விட்டுப் பார்ப்பது. சலிப்பான வேலை. அதில் எந்த ஞானமும் கிடையாது. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் நாள் என்னுடையது. எனக்கு நன்றி என்று ஏதாவது இருந்தால் அது அந்த ஒன்பது மணியின் மேல்தான். “உயிர் பிழைத்தாயே, நன்றி சொல்” என்பவர்களிடம் எனக்கு இன்றும் சண்டை உண்டு.

உங்களுக்கெல்லாம் எப்படி?

#2 எட்டாம்மாதம்

மன்னிக்கவும் அண்ணா, படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. டி4. விபத்து நடந்து எட்டு மாதம். வருகிறவர்கள் எல்லாம் தன்னம்பிக்கை வீடியோ அனுப்புகிறார்கள். கை இல்லாதவர் நீந்துகிறார், கால் இல்லாதவர் மலை ஏறுகிறார். எனக்கு மலை ஏற வேண்டாம். என் மகளைத் தோளில் தூக்க வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “கை நல்லா இருக்கே, அதுக்கு நன்றி சொல்லு” என்றார். அவர் காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

ஒன்பது மணிக்கு மேல் நாள் என்னுடையது என்கிறீர்கள். எனக்கு உடம்பு வேலை முடியவே பதினொன்றரை ஆகிறது. அப்புறம் களைத்துப் படுத்துவிடுகிறேன்.

#3 சன்னலோரம்

எரிச்சல் வரத்தான் செய்யும். எட்டாவது மாதத்தில் யாராவது இதை எனக்குப் படித்துக் காட்டியிருந்தால் தாளைக் கிழித்திருப்பேன். எனக்கும் முதல் வருஷம் மதியம் ஒரு மணி ஆகும். ஒன்பது மணி என்பது பல வருஷம் அங்கே இங்கே குறைத்துக் குறைத்து வந்த கணக்கு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், தவறு என்னுடையது.

#4 மணிக்கட்டு

சி6, அதாவது கழுத்து எலும்பில் ஆறாவதின் மட்டம். 11 வருஷம். விரல்கள் அசையாது, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்க முடியும். அந்த ஒன்றை வைத்துத்தான் இந்தப் பதிவைத் தட்டுகிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாக. மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கினால், விரல்களை மடக்கும் தசைநாண்கள் தாமாக இழுபட்டு விரல்கள் மூடிக்கொள்ளும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் விரியும். செத்த விரல் என்று எல்லோரும் சொன்னது கட்டைவிரலோடு சேர்ந்து ஒரு கிடுக்கி ஆகிவிட்டது. டெனோடெசிஸ் பிடி என்பார்கள். பல் துலக்கும் பிரஷை அதில் பிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. முதல் நாள் பிரஷ் மூக்கில் போனது, பேஸ்ட் புருவத்தில். ஆனால் யாரும் என் வாய்க்குள் கை விடவில்லை. அன்று வந்ததை நன்றி என்று சொல்வேனா, தெரியாது. திமிர் என்றுதான் சொல்வேன்.

புதியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சி6 காயம் என்றால், மணிக்கட்டும் விரல்களும் ஒரே நேரத்தில் பின்னால் நீட்டி விரிய யாரையும் இழுக்க விடாதீர்கள். பாசத்தில் வீட்டில் உள்ளவர்கள் “விரல் சுருங்கிப் போச்சே” என்று நீவி விடுவார்கள். அந்த இறுக்கம் தளர்ந்துவிட்டால் பிடியும் போய்விடும். என் இடது கை அப்படித்தான் போனது.

சன்னலோரம் அண்ணா சொல்வதில் ஒரே ஒரு மறுப்பு. உடம்பு வேலையில் ஞானம் கிடையாது என்கிறீர்கள். எனக்கு அந்த பிரஷில் கொஞ்சம் இருந்தது.

#5 இன்னொருகை

நான் உட்கார்ந்திருப்பவள் இல்லை, பக்கத்தில் நிற்பவள். கணவருக்கு சி5. 14 வருஷம்.

நன்றி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் அவர் என்னிடம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘தேங்க்ஸ்’ சொல்வார். தண்ணீர் கொடுத்தால், போர்வையை இழுத்தால், மூக்கைச் சொறிந்துவிட்டால். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் எழுந்து திருப்புவேன், இருட்டில் ‘தேங்க்ஸ்’ என்று குரல் வரும். ஒரு நாள் எனக்கு வெறி வந்துவிட்டது. “ராத்திரியில் நன்றி சொல்லாதே, தூங்கு!” என்று கத்திவிட்டேன். பிறகு இருவரும் விடியும் வரை தூங்கவில்லை, பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னார்: “நான் சொல்றது நன்றி இல்லை. நீ போயிடக் கூடாதுன்னு கட்டுற கப்பம்.”

அன்றைக்கு ஒரு விதி வைத்தோம். உடம்புக்குச் செய்கிற எதற்கும் நன்றி கிடையாது. அது வீட்டு வேலை, வீடு கூட்டுவது மாதிரி. செய்தே ஆக வேண்டும் என்று இல்லாமல் செய்கிற காரியத்துக்கு மட்டும்தான் நன்றி. அவர் எனக்காக ஒரு பாட்டைத் தேடிப் போட்டால் நான் சொல்வேன். நான் உட்கார்ந்து அவருடைய கதையை மறுபடி கேட்டால் அவர் சொல்வார். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று தேறும். அவ்வளவு போதும்.

அப்புறம், நல்ல மெத்தை மாற்றிய பிறகு, டாக்டரிடமும் பேசி, காலையில் தோலைப் பார்த்துப் பார்த்து இரவு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினோம். நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்குகிறேன். எங்கள் வீட்டின் நிறைவுக்கு அந்த மெத்தைக்குப் பெரிய பங்கு உண்டு. யாரும் மெத்தையைப் பற்றித் தன்னம்பிக்கை வீடியோ எடுக்க மாட்டார்கள்.

#6 எட்டாம்மாதம்

அக்கா, ‘கப்பம்’ என்ற சொல்லைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் மனைவியிடம் நான் செய்துகொண்டிருப்பது அதுதான்.

நிறைய எழுத வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரமாகத் தலை இடிக்கிறது. வெடிக்கிற மாதிரி. முகமெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, சிவந்திருக்கிறது என்கிறார்கள். இதையெல்லாம் படித்து உணர்ச்சிவசப்பட்டதால் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். படுத்துவிட்டு நாளை வருகிறேன்.

#7 மணிக்கட்டு

படுக்காதீர்கள்!! உங்களுக்கு டி4. இது உணர்ச்சி இல்லை. இப்போதே நிமிர்ந்து உட்காருங்கள், காலைக் கீழே தொங்கவிடுங்கள். பெல்ட், காலில் கட்டிய சிறுநீர் சேரும் பை, இறுக்கமான எதுவாக இருந்தாலும் தளர்த்தச் சொல்லுங்கள். கதீட்டர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போதே.

#8 பழையபிசியோ

மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் கூடுதலாகச் சொல்வது: பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். குழாய் சரியாக இருந்தும், சிறுநீர்ப்பை காலியாகியும் குறையவில்லை என்றால் நேரத்தைக் கடத்தாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே “தண்டுவடக் காயம், டி4, ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்லெக்சியா” என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் உடம்பு பிரஷரைத் தாறுமாறாக ஏற்றிவிடும், அதுதான் இது. பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக் கூடிய விஷயம்.

இன்னொன்று. டி6-இலும் அதற்கு மேலேயும் காயம் உள்ளவர்களுக்கு மேல் பிரஷர் சாதாரணமாகவே 90, 100 என்று தாழ்வாக இருக்கும். அவர்களுக்கு 140 என்றால் அது நார்மல் இல்லை. வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே எச்சரிக்கை. இதை விவரம் தெரியாத இடத்தில் “140 தானே, ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. உங்கள் வழக்கமான அளவை எப்போதும் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

#9 சன்னலோரம்

தம்பி, பார்த்ததும் ஒரு வரி எழுதுங்கள். வேறு யாரும் இப்போது வேறு எதுவும் பேச வேண்டாம்.

#10 எட்டாம்மாதம்

குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருந்தது. மனைவிதான் கண்டுபிடித்தாள். நிமிர்த்தியதும் பை நிறைந்துகொண்டே போனது. பத்து நிமிஷத்தில் இடி நின்றுவிட்டது. பிரஷர் 168 இருந்தது, இப்போது 112. டாக்டரிடம் போனில் பேசிவிட்டோம், காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.

மருத்துவமனையிலிருந்து வரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் இது இருந்ததாம். நான் படிக்கவில்லை. அந்தத் தாளில் எதையும் நான் படிக்கவில்லை.

கை நடுங்குகிறது. உங்கள் இரண்டு பேருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்னொருகை அக்காவின் விதிப்படி, இதற்கு நன்றி சொல்லலாமா?

#11 இன்னொருகை

தாராளமாக.

#12 நெறியாளர்

#7, #8 இரண்டையும் பக்கத்தின் மேலே குத்தி வைத்திருக்கிறேன். டி6-ம் அதற்கு மேலும் காயம் உள்ள எல்லோரும், வீட்டில் இருப்பவர்களும் படித்துவிடுங்கள். சிறுநீர்ப்பைதான் முதல் காரணம், அடுத்தது மலச்சிக்கல். கால் நகம் சதைக்குள் வளர்ந்தால்கூட வரும்.

#13 கணக்குப்பிள்ளை

நிம்மதி. சரி, இழையின் பேச்சுக்குத் திரும்பலாம் என்றால் ஒரு விஷயம். எனக்கு இப்படிக் காயம் இல்லை, என் தம்பிக்கு இருக்கிறது. அவனுக்காக நிறையப் படிப்பவன்.

“லாட்டரி அடித்தவனும் முடங்கிப்போனவனும் ஒரு வருஷத்தில் ஒரே அளவு சந்தோஷத்துக்கு வந்துவிடுவார்கள், ஆராய்ச்சியே சொல்கிறது” என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அந்த 1978 ஆய்வை எடுத்துப் பார்த்தேன். அது அப்படிச் சொல்லவே இல்லை. லாட்டரிக்காரர்கள் 22 பேர், விபத்தில் முடங்கியவர்கள் 29 பேர், ஒப்பிட 22 பேர். ஐந்துக்கு இவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட சந்தோஷ மதிப்பெண்: லாட்டரிக்காரர்களுக்கு 4.00, சாதாரண ஆட்களுக்கு 3.82, முடங்கியவர்களுக்கு 2.96. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லோரும் பயந்த பாதாளத்தில் அவர்கள் இல்லை, அதுதான் செய்தி. இதைத் திரித்து “எல்லாம் பழகிவிடும்” என்று புதிதாக அடிபட்டவரிடம் சொல்வது அயோக்கியத்தனம்.

மறுபக்கமும் இருக்கிறது. 1994-இல் வந்த ஓர் ஆய்வில் அவசரப் பிரிவில் வேலை செய்பவர்களிடம், கழுத்தளவு தண்டுவடக் காயத்தோடு பிழைத்தால் உயிரோடு இருப்பதை எண்ணி மகிழ்வீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 18 சதவீதம். உண்மையிலேயே அந்தக் காயத்தோடு வாழ்பவர்களில் ஆம் என்றவர்கள் 92 சதவீதம். நம்மைக் காப்பாற்ற வருகிறவர்களே நம் வாழ்க்கையை இவ்வளவு குறைவாக எடை போடுகிறார்கள் என்றால், கட்டில் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்காரும் சொந்தக்காரரை என்ன சொல்ல?

#14 மணிக்கட்டு

92-இல் ஒரு சின்னக் கிண்டல் இருக்கிறது, கணக்குப்பிள்ளை. கேள்விக்குப் பதில் சொல்ல உயிரோடு இருந்தவர்களைத்தான் கேட்டிருப்பார்கள். புண் முற்றிப் போனவர், வீட்டில் கவனிக்க ஆள் இல்லாமல் போனவர், அவர்கள் எந்த சதவீதத்திலும் வரமாட்டார்கள். நான் 92-இல்தான் இருக்கிறேன். இருந்தும் சொல்கிறேன்.

#15 பழையபிசியோ

மணிக்கட்டு சொன்னதற்கு வரலாறே சாட்சி. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் தண்டுவடம் அறுந்தவர்களைப் பெரும்பாலான இடங்களில் எழுப்பி உட்கார வைக்கவே இல்லை. புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்தது மாய மருந்து எதுவும் இல்லை. இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வை. சிறுநீர்ப்பையைக் கவனி. எழுந்து உட்கார வை. வேலை கொடு. அவ்வளவுதான். ஆட்கள் சாகாமல் இருந்தார்கள்.

சாகாமல் இருந்தவர்களுக்கு அடுத்து சலிப்பு வந்தது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவர் மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960-இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்ஸ் இதிலிருந்து வளர்ந்ததுதான். பாராலிம்பிக்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் பதக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் ஞாபகம் வரும்.

கதீட்டரும் அப்படித்தான். நாமே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, நாலைந்து மணிக்கு ஒரு தடவை குழாயை விட்டு எடுக்கலாம், அறுவைக்கூடச் சுத்தம் தேவையில்லை என்று ஜாக் லாபிடஸ் எழுதியது 1972-இல். அதற்கு முன் இப்படி ஒருவர் தனியாகப் பயணம் போவதையெல்லாம் நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். தம்பி, உங்கள் கை நன்றாக இருப்பதால் உள்ளேயே இருக்கும் குழாய்க்குப் பதில் இது சரிப்படுமா என்று நாளை டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

#16 சன்னலோரம்

நான் ஆரம்பித்த இழை என்னைத் தாண்டிப் போய்விட்டது. நல்லது.

மணிக்கட்டு சொன்ன மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். உடம்பு வேலையில் ஒன்றும் இல்லை என்று எழுதியது என் அலுப்பு. இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் முதல் பதிவைப் படித்தால் நான் வலியில்லாமல் இருப்பது போலத் தோன்றும். தொட்டால் தெரியாத கால் இரண்டும் ராத்திரியில் எரியும், தணலில் வைத்த மாதிரி. மாத்திரை பாதியைக் குறைக்கும், மீதியோடு படுத்திருப்பேன். 19 வருஷம் உடம்பைத் தூக்கித் தூக்கி மாற்றியதில் வலது தோள்பட்டை தேய்ந்துவிட்டது. கைதான் நமக்குக் கால், அது போனால் என்ன செய்வேன் என்ற பயம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகும். இப்போது வீல்சேருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போடும் சறுக்குப் பலகை இல்லாமல் மாறுவதில்லை. இளமையில் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தேன். முட்டாள்தனம். புதியவர்கள் முதல் நாளிலிருந்தே பலகையைப் பயன்படுத்துங்கள்.

இத்தனைக்கும் நடுவில் நேற்று மதியம் ஒரு கட்டுரையில் ஒரே ஒரு ஒற்றெழுத்துக்காக அரை மணி நேரம் ஒருவரோடு போனில் சண்டை போட்டேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. போனை வைத்ததும்தான் பார்த்தேன், அந்த அரை மணி நேரமும் காலைப் பற்றிய நினைப்பே இல்லை, எரிச்சல் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ‘க்’ வர வேண்டும் என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன்.

தம்பி, மகளைத் தோளில் தூக்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். என்ன வயசு?

#17 எட்டாம்மாதம்

ஆறு வயசு அண்ணா. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். கதீட்டர் பற்றிக் கேட்டேன், அடுத்த வாரம் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். அந்தத் தாளையும் படித்துவிட்டேன். மனைவி சத்தமாக வாசித்தாள், நான் கேட்டேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினோம்.

தோளில் தூக்க முடியாது. அது இன்னும் வலிக்கிறது, அதற்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். ஆனால் நேற்று அவள் வீல்சேரின் கால்மிதியில் என்னைப் பார்த்தபடி ஏறி நின்றுகொண்டு, “ஓட்டு” என்றாள். கூடத்தில் இரண்டு சுற்று. முன்பாரம் ஏறி வண்டி திரும்பவே மாட்டேன் என்றது, சுவரில் இடித்தோம்.

#18 பழையபிசியோ

கால்மிதியில் வேண்டாம், வண்டி முன்னால் கவிழும். மடியில் வையுங்கள், தொடைமேல் ஒரு மடித்த துண்டைப் போட்டு. இறக்கியதும் தோலைப் பாருங்கள்.

#19 இன்னொருகை

சுவரில் இடித்ததற்கு அவள் என்ன சொன்னாள்?

#20 எட்டாம்மாதம்

“அப்பாவுக்கு ஓட்டவே தெரியலை” என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணா, ஒரு சந்தேகம். உட்கார்ந்திருக்கும்போது எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பாரத்தைக் குறைக்க வேண்டும்? தாளில் 15 முதல் 30 என்று இருக்கிறது.

#21 சன்னலோரம்

நான் 20 வைத்திருக்கிறேன். கையை ஊன்றி எழும்பாதீர்கள், தோள் போய்விடும், என்னைப் பாருங்கள். முன்னால் குனிந்து மார்பைத் தொடையோடு சேர்த்து வையுங்கள், இரண்டு நிமிஷம் அப்படியே. சும்மா ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தால் ரத்தம் திரும்ப ஓட நேரம் போதாது. டி4 என்பதால் உடம்பு தானாக நிமிராது, முன்னால் ஒரு மேஜை இருக்கட்டும், அதைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். போனில் அலாரம் வையுங்கள், மறந்துவிடும்.

#22 எட்டாம்மாதம்

அலாரம் வைத்தாகிவிட்டது. சத்தத்தை மகள் தேர்ந்தெடுத்தாள், நாய் குரைப்பது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை வீட்டில் நாய் குரைக்கிறது, அவள் ஓடிவந்து எனக்கு முன்னால் நின்று தானும் குனிகிறாள், சத்தமாக நூற்றிருபது வரை எண்ணுகிறாள். எண்பதுக்கு மேல் எப்போதும் தப்பாகிவிடும், மறுபடி முதலிலிருந்து.

இதோ குரைக்கிறது. வருகிறேன்.